லைசென்ஸில் .30-06, சேம்பரில் மேக்னம்: செய்யலாமா?

கேள்வி: தாத்தாவின் .30-06 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாரிசு முறையில் என் பெயருக்கு மாறியிருக்கிறது. லைசென்ஸ் நடப்பில் உள்ளது. துப்பாக்கி பழுது பார்க்கும் ஒருவர், சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தை) கடைந்து பெரிதாக்கி .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா போடும்படி மாற்றித் தருவதாகச் சொல்கிறார். "குழலும் அதே, நம்பரும் அதே, லைசென்ஸில் கை வைக்கவே வேண்டாம்" என்கிறார். தோட்டாவை வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவருவார். எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம், அதற்குத்தான் இந்த யோசனை. ரைஃபிளை அவரிடம் கொடுத்துவிட்டேன், வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. செய்யலாமா?

பதில்: வேலை ஆரம்பிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பெரிய நிம்மதி. இந்த வாரமே போய் ரைஃபிளைத் திரும்ப வாங்கிவிடுங்கள். காரணங்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

அந்த மெக்கானிக் சொன்னதில் ஒரு பாதி உண்மை. இரண்டு தோட்டாவுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான். அதனால் குழலை மாற்றாமல் சேம்பரை மட்டும் கடைந்து நீட்ட முடியும். .30-06 தோட்டாக்கூட்டின் நீளம் சுமார் 63 மில்லிமீட்டர், மேக்னத்துக்கு 66.5. அடிப்பக்கம் 12 மில்லிமீட்டரிலிருந்து 13.5 ஆகும் என்பதால் போல்ட்டின் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் பாகத்தின்) முகத்தையும் கடைய வேண்டும். நம்பர் மாறாது என்பதும் சரியே. ஆனால் உங்கள் லைசென்ஸ் நம்பருக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. அதை எடுத்துப் பாருங்கள்: ஆயுதத்தின் வகை, போர் (bore, எந்த அளவுத் தோட்டா என்பது), தயாரிப்பு, நம்பர் என்று எல்லாம் சேர்ந்துதான் அதில் பதிவாகியிருக்கும். அரசு உங்களுக்கு அனுமதித்திருப்பது .30-06 ரைஃபிள். வேலை முடிந்த மறுநாள் உங்கள் பீரோவில் இருப்பது அந்த விவரத்துக்குப் பொருந்தாத வேறொரு ஆயுதம். அரசுத் தரப்பு அதை உரிமமில்லாத துப்பாக்கி என்று வாதிட முழு இடம் உண்டு. உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்கிற ஆயுதச் சட்டத்தின் பிரிவு 3-ஐ மீறி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 2 முதல் 5 ஆண்டு. அவ்வளவு இல்லை, உரிம நிபந்தனை மீறல் மட்டுமே என்று நாம் வாதாடலாம். அது பிரிவு 30, ஆறு மாதம் வரைதான். எதை ஏற்பது என்பது நீதிமன்றத்தின் கையில் இருக்கும், உங்கள் கையில் அல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல் கடையும் வேலையிலேயே இருக்கிறது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5 துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது, பழுது பார்ப்பது, மாற்றியமைப்பது எல்லாவற்றுக்கும் உரிமம் கேட்கிறது. பழுது பார்ப்பதும் மாற்றியமைப்பதும் அங்கே தனித்தனிச் சொற்கள். தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றினால் அது பழுது. ஒரு தோட்டாவுக்கான துப்பாக்கியை வேறு தோட்டாவுக்கு ஆக்குவதைப் பழுது என்று எந்த நீதிபதியிடமும் என்னால் சொல்ல முடியாது. ஆகவே, "என்னிடம் உரிமம் இருக்கிறது" என்று அவர் காட்டினால், அதில் மாற்றியமைக்க அனுமதி இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். இல்லையென்றால் அவர் செய்வது பிரிவு 25(1)-இல் விழும். 2019-க்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். சொல்லிச் செய்யவைத்து காசு கொடுத்த நீங்கள் வெறும் வாடிக்கையாளர் என்று தப்ப முடியாது.

அதே திருத்தம் பிரிவு 6-லும் ஒன்றைச் சேர்த்தது: 2016 ஆயுத விதிகளில் சொன்ன ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக உரிமமின்றி மாற்றக் கூடாது. உங்கள் விஷயத்தில் முன்னும் பின்னும் அது பிரீச் லோடிங் (பின்பக்கமாகத் தோட்டா போடும்) ரைஃபிள்தான், எனவே இந்தப் பிரிவு பொருந்தாது என்று வாதாட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதே விதிகளின் அட்டவணையில் "7.62 மி.மீ. போர்" ரைஃபிள்கள், ராணுவத் தோட்டா போடக்கூடியவை, தடை செய்யப்பட்ட போர் வகையில் வருகின்றன. .30 குழலும் 7.62-ம் அளவில் ஒன்றே. .30-06-ஐ நடைமுறையில் அனுமதிக்கிறார்கள் என்பதால் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைந்து மாற்றிய ரைஃபிள் தடயவியல் ஆய்வுக்குப் போனால் அந்தக் கேள்வியை நீங்களே கூப்பிட்டு வரவழைத்ததுபோல் ஆகும்.

இன்னொரு பொறி பலருக்குத் தெரிவதில்லை. குழலில் .30-06 என்று பொறித்திருக்கும். வேலை முடிந்ததும் அதை என்ன செய்வார்? விட்டுவைத்தால், பின்னாளில் உங்கள் மகனோ ரைஃபிளை வாங்குபவரோ அந்த எழுத்தை நம்பி .30-06 தோட்டாவைப் பெரிய சேம்பரில் போட்டுச் சுடுவார். கூடு கிழிந்து வாயு பின்பக்கமாக முகத்தில் பாயலாம். அவர் அதைத் தேய்த்து அழித்தால், துப்பாக்கியில் பொறித்த பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்கிற பிரிவு 8 குறுக்கே வரும். அழிந்த குறியோடு துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்ததாக அனுமானம் செய்ய அந்தப் பிரிவு இடம் தருகிறது. சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று அவர் சொல்கிற வேலைக்கு எந்தப் பக்கம் போனாலும் வழி இல்லை.

பழைய சோதனை முத்திரையும் (துப்பாக்கி அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்த்துப் பதிக்கும் குறி) இனி செல்லாக்காசு. அது .30-06-க்கு வைத்த சோதனை. அமெரிக்க அளவுகோலில் அதன் உச்ச அழுத்தம் 60,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), .300 வின்செஸ்டருக்கு 64,000. வித்தியாசம் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் தோட்டாவின் அடி அகலமாகிவிட்டதால் போல்ட்டின் மேல் விழும் தள்ளுவிசை அந்த விகிதத்தைவிட நிறையக் கூடும். தாத்தா காலத்து போல்ட் அதைத் தாங்கும் என்று எழுத்தில் தருவாரா உங்கள் மெக்கானிக்? பக்கத்தில் நின்றவர் இறந்தால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1), அலட்சியத்தால் மரணம், 5 ஆண்டு வரை.

தோட்டா விஷயம் சுருக்கமாக. உறவினர் பெட்டியில் வருவது இறக்குமதி. அதற்குப் பிரிவு 10-இன் கீழ் உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் சுங்கச் சட்டமும் சேர்ந்துகொள்ளும், மாட்டுவது முதலில் அவர்தான். வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறேன் என்றால் அது தோட்டா தயாரிப்பு, மறுபடியும் பிரிவு 5.

காட்டுப்பன்றி: 2022 திருத்தத்துக்குப் பின் அது வனவிலங்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழிக்கிறது என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்தவரோ பிரிவு 11-இன் கீழ் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். உத்தரவில்லாமல் சுட்டால் வழக்கு ஒருபக்கம் இருக்கட்டும், ரைஃபிளே பறிமுதலாகி அரசுச் சொத்தாகிவிடும். அப்புறம், பன்றிக்கு .30-06 போதாது என்று யார் சொன்னது என்று எனக்குப் புரியவில்லை.

மேக்னம்தான் வேண்டும் என்றால் நேர்வழி உண்டு. இரண்டு ஆயுதம் வரை ஒருவர் வைத்திருக்கலாம். அந்த போரில் ஏற்கெனவே உரிமத்தோடு இருக்கும் ரைஃபிளைத் தேடுங்கள். உங்கள் உரிமத்தில் அதைச் சேர்க்க மாவட்ட ஆட்சியரிடம், மாநகரமென்றால் காவல் ஆணையரிடம் விண்ணப்பியுங்கள். விற்பவர் பிரிவு 5(2)-இன்படி முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் பொறுக்க வேண்டும். இருக்கும் ரைஃபிளையே மாற்றத்தான் ஆசை என்றால், முதலில் அதே அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வரவில்லையென்றால் தொடாதீர்கள்.

ரைஃபிள் இப்போது அவர் கையில் இருப்பதையும் கவனியுங்கள். பிரிவு 3 விதிவிலக்கு தருவது, உங்கள் முன்னிலையிலோ எழுத்து அனுமதியுடனோ, பழுதுக்காகவோ லைசென்ஸைப் புதுப்பிக்கவோ உங்கள் பயன்பாட்டுக்காகவோ ஒருவர் எடுத்துச் செல்ல மட்டுமே. கட்டுப்பாடு உங்களிடம் இருக்கும்வரை, வேறொருவர் கையில் இருந்தாலும் ஆயுதம் சட்டப்படி உங்கள் வசம்தான் என்று 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லைசென்ஸை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். அவர் உரிமம் பெற்றவரானால், கொடுத்த தேதியும் திரும்ப வாங்கிய தேதியும் அவர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, நகல் வாங்கிவையுங்கள். வாங்கும்போது சேம்பரில் ஒரு .30-06 வெற்றுக்கூட்டைப் போட்டுப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தாலோ போல்ட் முகத்தில் புதுக் கடைசல் தடம் இருந்தாலோ சுட்டுப் பார்க்க வேண்டாம், அவரிடம் சரிசெய்யவும் கொடுக்க வேண்டாம். கடைந்த இரும்பு திரும்ப வராது. அதிகாரிக்கு ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், உங்கள் ஊரில் குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை லைசென்ஸோடு நேரில் பாருங்கள்.