சத்தம் குறைத்துக் கேட்க எந்த ஸ்பீக்கர்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு முன்னறை 10 அடிக்கு 12 அடி. பலகைத் தரை, தகரக் கூரை. பக்கத்து அறையில் மாமியார் எட்டரை மணிக்கே படுத்துவிடுவார். நடுவில் இருப்பது பலகைத் தடுப்புதான். அவர் படுத்த பிறகே எனக்குக் கச்சேரி கேட்க நேரம் கிடைக்கிறது. திண்டுக்கல்லில் கடைக்காரர், கனத்த நாதத்துக்கென்றே தனிப் பெட்டியாக வரும் சப்வூஃபரோடு கூடிய ஹோம் தியேட்டரை வாங்கச் சொல்கிறார். 15,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?
– வாசகி, செண்பகனூர்

பதில்: சப்வூஃபர் வேண்டவே வேண்டாம், சகோதரி. பலகைத் தடுப்பு கீச்சுக் குரலை ஓரளவு தடுக்கும். கனத்த நாதத்தை அப்படியே விட்டுவிடும். பாடகரின் குரல் உங்களுக்கே சரியாக எட்டாத நேரத்தில், மிருதங்கத்தின் அதிர்வு மட்டும் மாமியாரின் கட்டில்வரை போய்விடும். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த, 4 அல்லது 5 அங்குல வூஃபர் (கனத்த நாதம் தரும் வட்டு) கொண்ட சிறிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று போதும். உங்கள் தொகைக்குள் நல்லதே கிடைக்கும்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸ் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் (ஒலியின் அளவு) தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, சாதாரணப் பேச்சைவிடச் சற்றே உரத்த 65 டெசிபலில் கேட்டால் செலவாவது ஒரு வாட்டில் 25-இல் ஒரு பங்கு. தனி ஆவர்த்தனத்தில் ஒலி திடீரென்று எழும் இடங்களுக்காக அதை நூறு மடங்காக்கினாலும் 4 வாட்தான்.

கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சத்தத்தைக் குறைக்கும்போது பாட்டு முழுவதும் ஒரே சீராகக் குறைவதில்லை. நம் காது கனத்த நாதங்களை முதலில் கைவிட்டுவிடுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து, 1933-இல் வரைபடமாகவே வெளியிட்டார்கள். ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவரின் தம்புராவில் மந்தர ஷட்ஜம் (கீழ் ஸ) ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். ஒலியைத் தணித்தால் அந்தத் தந்தியின் அடி நாதம் மறைந்து, மேலே உள்ள ரீங்காரம் மட்டும் மிஞ்சும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை தெளிவாகக் கேட்கும். இடப்பக்கம் ரவை அப்பிய தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் கும்கி காணாமல் போய்விடும். கும்கி இல்லாத மிருதங்கத்தை என்னால் மிருதங்கமாக ஏற்க முடிவதில்லை.

பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லௌட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தது இதை ஈடுகட்டத்தான். இன்று பேஸ் (கனத்த நாதம்) குமிழைக் கொஞ்சம் கூட்டி அதே வேலையைச் செய்யலாம். ஆனால் கூட்டிய பேஸ் தடுப்பைத் தாண்டுமே என்று கேட்பீர்கள். அதனால்தான் கிட்டே உட்காரச் சொல்கிறேன். எட்டடி தூரத்தை நாலடி ஆக்கினால், திறந்தவெளிக் கணக்குப்படி 6 டெசிபல் மிச்சம். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் மிச்சம் அதைவிடக் குறையும்; என்றாலும் மாமியாரின் உறக்கத்துக்கு அது பெரிய உதவி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, ஏறக்குறைய அதே தூரத்தில் அமருங்கள். கீச்சு நாதம் தரும் சிறு வட்டான ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வர வேண்டும். பாயில் அமர்ந்து கேட்பீர்களானால் குட்டையான முக்காலி போதும்.

தடுப்பின் மீது சாய்த்தோ, தரைப் பலகை மீதோ வைக்காதீர்கள், பலகையே ஸ்பீக்கராகிவிடும். எதிர்ப்புறச் சுவர் பக்கம் கனமான முக்காலி போட்டு, அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளைக் கொடுங்கள். ஸ்பீக்கர் பெட்டியின் காற்றுத் துளை பின்பக்கம் இருந்தால் சுவரிலிருந்து இரண்டு சாணாவது தள்ளி இருக்கட்டும். துளையே இல்லாத மூடிய பெட்டி கிடைத்தால் சுவரை ஒட்டியே வைக்கலாம். சுவரின் தயவில் பேஸ் கொஞ்சம் ஏறும். மூலை மட்டும் ஆகாது.

கடைக்கு உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் உரக்க வைத்துக் காட்டுவார். நீங்கள் குறைக்கச் சொல்லுங்கள், இரண்டு பேர் பேசிக்கொள்ளும் அளவுக்கு. சாகித்தியம் அப்போதும் புரிகிறதா? அடுத்து, பூஜ்யத்திலிருந்து குமிழை மெல்லத் திருப்புங்கள். சில மலிவான செட்டுகளில் இடப்பக்கம் முதலில் பாடும், வலப்பக்கம் பின்னால் விழித்துக்கொள்ளும். உரக்கக் கேட்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. உங்களுக்கு ஒவ்வோர் இரவும் தெரியும். கடைசியாகப் பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டரில் காதை வையுங்கள். உஸ்ஸென்ற இரைச்சல் ஒரு முழத்துக்கு அப்பாலும் கேட்டால் அந்த ஜோடி வேண்டாம்.

சிறிய பெட்டியா என்று தயங்க வேண்டாம். பிபிசி வானொலி 1970-களில், வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்பும் வேன்களில் இடமில்லை என்பதற்காகவே எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கரை உருவாக்கியது. உயரம் ஓர் அடி. வூஃபர் 5 அங்குலம். மனிதக் குரலை அது தந்த விதத்துக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஐப்பசி மழை தகரத்தில் இறங்கும்போது எந்த ஸ்பீக்கராலும் ஒன்றும் ஆகாது. ஒலியைக் கூட்டாமல் ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1990-களில் வாங்கிய ஸ்பீக்கர் இப்போது கரகரக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகர், பண்ணைக்காடு

பதில்: அவசரப்படாதீர்கள், ஐயா. முன்துணியைக் கழற்றி, ஒலி எழுப்பும் கூம்பான கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ தூளாக உதிர்ந்தாலோ அது ஃபோம் வளையம். ஃபோம் எங்கே இருந்தாலும் சில பத்தாண்டுகளில் மட்கிவிடும். ஈரக் காற்றில் இன்னும் சீக்கிரம். கோனும், அதை அசைக்கும் கம்பிச் சுருளான காயிலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வளையத்தை மட்டும் மாற்ற முடியும். அதே அளவில், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் இரண்டு விதமாகப் பாடும். அதுவரை போட்டுக் கேட்காதீர்கள். பிடிமானம் இழந்த கோன் ஆடி ஆடிக் காயிலைத் தேய்த்துவிட்டால் செலவு பல மடங்காகும்.

கேள்வி: ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கர் போதாதா?
– வாசகர், பெருமாள்மலை

பதில்: சமையலறையில் கோடை பண்பலை 100.5-இல் செய்தி கேட்கத் தாராளமாகப் போதும். கச்சேரி கேட்கப் போதாது. பாடகர் நடுவிலும், வயலின் ஒரு பக்கமும், மிருதங்கம் மறுபக்கமுமாக அமர இரண்டு பெட்டிகள் வேண்டும். அப்படிப் பிரிந்து நிற்கும்போது, குறைந்த ஒலியிலும் ஒவ்வொன்றையும் தனித்தனியே காது பிடித்துக்கொள்ளும்.