வாசகர் கேள்வி: ராப் பாடகிகளுக்குள் ஏன் இத்தனை சண்டை?

கேள்வி: கார்டி பி, நிக்கி மினாஜ் மேல் செருப்பை வீசிய வீடியோ இன்னமும் ரீல்ஸில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹிப்ஹாப்பில் இரண்டு பாடகிகள் பெயர் எடுத்தாலே சண்டைதான். பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்பது சரிதானே?
- வாசகி, திருச்சி

பதில்: இல்லை. செருப்பு பறந்தது உண்மைதான், 2018 செப்டம்பரில் நியூயார்க் ஃபேஷன் வீக் விருந்தில் நடந்தது, கார்டி நெற்றி புடைத்து வெளியே வந்ததை ஊரே பார்த்தது. ஆனால் கதையை அங்கே தொடங்கினால் ஒன்றும் புரியாது, 1984-க்குப் போக வேண்டும். யூ.டி.எஃப்.ஓ. என்ற ஆண்கள் குழு, தங்களைச் சட்டை செய்யாத ரொக்ஸான் என்ற பெண்ணைக் கிண்டலடித்து ஒரு பாட்டுப் போட்டது, பாட்டு பயங்கர ஹிட். நியூயார்க்கின் குயீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, ரொக்ஸான் ஷான்டே என்ற பெயரில், அவர்களுடைய தாளத்தின் மேலேயே பதில் பாடி ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி வாரிவிட்டாள். அந்த ஆண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'நிஜ ரொக்ஸான்' என்று இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்கள்! அப்புறம் ஸ்பார்க்கி டி வந்தார், பதில் பாட்டு, பதிலுக்குப் பதில் பாட்டு என்று டஜன் கணக்கில் கிளம்பியது. வம்பை ஆரம்பித்தது யார் என்பது பாதிப் பேருக்கு மறந்தே போனது.

தொண்ணூறுகளில் இதுவே ஏற்பாடாக மாறியது. ஒவ்வொரு ஆண்கள் கூட்டத்துக்கும் ஒரு பெண், ஒரே ஒரு பெண். ராப் பாடகர் பிக்கியின் ஜூனியர் மாஃபியாவுக்கு லில் கிம், ரஃப் ரைடர்ஸுக்கு ஈவ், பிறகு யங் மணிக்கு நிக்கி. ஒரு இடம்தான் இருக்கிறது, பத்துப் பேருக்குத் திறமை இருக்கிறது என்றால் என்ன நடக்கும்? கிம்மும் ஃபாக்ஸி பிரவுனும் புரூக்ளின் பெண்கள், ஒரு காலத்தில் தோழிகள். 1996 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் இருவரின் முதல் ஆல்பமும் வந்தது, அதோடு யார் யாரைக் காப்பியடித்தார் என்ற பஞ்சாயத்தும் தொடங்கியது. கிம்மைத் திட்டி ஃபாக்ஸி ஒரு பாட்டில் பாட, 2001 பிப்ரவரியில் ஹாட் 97 வானொலி நிலையத்தின் வாசலில் துப்பாக்கி வெடித்தது. சுட்டுக்கொண்டது கூட வந்த ஆண்கள். தன் ஆட்களைக் காப்பாற்ற நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்காக கிம்முக்கு 2005-இல் ஒரு வருடம் ஒரு நாள் சிறை.

அதே 2001-இல் ராப் பாடகர்கள் ஜே-ஸீயும் நாஸும் மோதினார்கள். நாஸின் மகளைப் பெற்றவரோடு தனக்கு உறவு இருந்ததாக ஜே-ஸீ பாட்டிலேயே பீற்றிக்கொண்டார். ஜே-ஸீயின் அம்மாவே அவரைக் கண்டித்து, ரேடியோவில் மன்னிப்புக் கேட்க வைத்தார். ஆண்கள் இருவரின் சண்டையில் அசிங்கப்பட்டது ஒரு பெண்! ஆனாலும் அது 'கிளாசிக்' போட்டி, இருவரும் சமாதானமாகி, ஜே-ஸீ தலைமை வகித்த டெஃப் ஜாம் கம்பெனியிலேயே நாஸ் சேர்ந்தார். பாடகிகள் மோதினால் மட்டும் குழாயடிச் சண்டை.

கேள்வி: அப்படியானால் பெண்கள் பக்கம் தப்பே கிடையாதா? எல்லாவற்றையும் ஆண்கள் தலையில் கட்டுகிறீர்களே!
- வாசகர், மதுரை

பதில்: கிடையாது என்று யார் சொன்னது? ராப் பாடகி மெகன் தீ ஸ்டாலியனை 2020-இல் காலில் சுட்ட பாடகர் டோரி லேனஸுக்கு, விசாரணை நடந்து, 2023-இல் பத்து வருடச் சிறை விதித்தார்கள். அதற்குள் மெகனைப் பொய்க்காரி என்று திட்டாத ஆளில்லை. தீர்ப்பெல்லாம் வந்த பிறகு, 2024 ஜனவரியில் மெகன் வெளியிட்ட ஒரு பாட்டுக்குப் பதிலாக நிக்கி பாடியதில், அந்தக் குண்டடி பட்ட கால் கேலிக்குள்ளாகிறது, மெகனின் இறந்துபோன அம்மாவையும் இழுக்கிறார். நிக்கியின் வார்த்தை வேகத்துக்கு நான் ரசிகன்தான், ஆனால் இதற்கு 'இடம் ஒன்றுதான்' என்ற காரணம் செல்லாது. அப்போது அவர் உச்சியில் இருந்தவர், யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. மெகனின் அந்தப் பாட்டு அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டில் முதலிடத்துக்குப் போனது தனிக்கதை.

கேள்வி: இவர்கள் ஒற்றுமையாகப் பாடியதே இல்லையா? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?
- கல்லூரி மாணவி, கோவை

பதில்: ஏன் இல்லை? 1997-இல் லில் கிம், மிஸ்ஸி எலியட், டா பிராட், லெஃப்ட் ஐ, ஏஞ்சி மார்ட்டினெஸ் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு பாட்டைக் கலக்கினார்கள், கிராமி பரிந்துரை வரை போனது. கிராமியில் ராப் பாடகிகளுக்கென்று தனி விருதும் இருந்தது, 2003, 2004 இரண்டே வருடம், இரண்டையும் மிஸ்ஸி வாங்கினார், உடனே விருதையே எடுத்துவிட்டார்கள்! நீங்கள் குயீன் லத்தீஃபாவின் 1993 பாட்டான 'யு.என்.ஐ.டி.ஒய்.'-இல் தொடங்குங்கள். தெருவில் தன் மேல் கை வைத்துவிட்டு, கெட்ட வார்த்தையும் சொன்னவனின் கண்ணிலேயே ஒரு குத்து விட்டு, யாரைடா சொன்னாய் என்று கேட்கிறார். இயர்போன் போட்டுக்கொண்டே கேளுங்கள், வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள்.