5 ஹெச்பி போட்டாலும் 36 அடியிலிருந்து தண்ணீர் ஏறாது, ஏன்?

கேள்வி: எங்கள் கிணற்று மேட்டில் 3 ஹெச்பி மோனோபிளாக் மோட்டார் வைத்திருக்கிறோம். தண்ணீர் 18, 20 அடியில் நின்றவரை நன்றாக எடுத்தது. இந்தக் கோடையில் மட்டம் 36 அடிக்கு இறங்கிவிட்டது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. 5 ஹெச்பி போட்டால் இழுத்துவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (அரூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி)

வாங்காதீர்கள். 5 இல்லை, 50 ஹெச்பி கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாலும் 36 அடியில் இருக்கும் தண்ணீர் மேலே வராது. உங்கள் மோட்டாரில் சக்திக் குறைவு எதுவும் இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: 1,000 லிட்டர் தண்ணீரை 11 மீட்டர் தூக்க ஏறக்குறைய 1,08,000 ஜூல் ஆற்றல் வேண்டும், 3 ஹெச்பி என்பது நொடிக்கு 2,200 ஜூலுக்குக் கொஞ்சம் மேல், அதில் பாதி வீணாகப் போனாலும் ஒன்றே முக்கால் நிமிடத்துக்குள் 1,000 லிட்டரைத் தூக்கிவிடலாம். ஆக, தடை வேறு எங்கோ இருக்கிறது.

நாம் எல்லோரும் "மோட்டார் தண்ணீரை இழுக்கிறது" என்றுதான் பேசுகிறோம், குழப்பம் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. தண்ணீரை இழுக்க முடியாது. கயிறு கட்டி இழுக்க அது வாளி இல்லையே. மோட்டார் செய்வது ஒன்றுதான், கிணற்றுக்குள் இறங்கும் சக்‌ஷன் பைப்புக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்றில் பைப்புக்கு வெளியே இருக்கும் தண்ணீர்ப் பரப்பைக் காற்று அழுத்திக்கொண்டே இருக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளியே இருக்கும் காற்றுதான் தண்ணீரைப் பைப்புக்குள் தள்ளி ஏற்றுகிறது. இளநீரில் ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும்போதும் நடப்பது இதுவே.

சரி, காற்று எவ்வளவு தள்ளும்? சுண்டுவிரல் நகம் அளவு இடத்தை, அதாவது ஏறத்தாழ 1 சதுர சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் அதன் மேல் நிற்கும் காற்றின் எடை 1.03 கிலோ. அதே அளவு இடத்தின் மேல் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அது 100 கிராம், 10 மீட்டர் என்றால் 1 கிலோ. தராசில் ஒரு தட்டில் காற்று, மறு தட்டில் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 10.3 மீட்டரில், நம் கணக்கில் 34 அடியில், முள் நடுவில் நின்றுவிடும். பைப்புக்குள் ஒரு துளி காற்றுகூட இல்லாமல் வெற்றிடமே ஆக்கினாலும் அதற்கு மேல் தண்ணீர் ஏறாது. பெரிய பைப் போட்டால் தண்ணீரின் எடையும் கூடும், காற்று தள்ளும் பரப்பும் அதே அளவு கூடும், அதனால் உயரம் மாறாது.

இந்த 34 அடி விஷயம் இத்தாலியில் உறிஞ்சு பம்பு செய்தவர்களுக்குப் பழகிய தலைவலிதான். கலிலியோ தன் 1638ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆனால் நீளமான கயிறு தன் எடையாலேயே அறுவதுபோல நீர்த்தூணும் அறுந்துவிடுகிறது என்று விளக்கம் சொன்னார். அவ்வளவு பெரிய மேதையும் "இழுப்பது" என்ற எண்ணத்திலிருந்து வெளியே வரவில்லை. அவரிடம் கடைசிக் காலத்தில் உதவியாளராக இருந்த டாரிசெல்லிதான் சில வருடங்களில் சரியான இடத்தைப் பிடித்தார். தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் கவிழ்த்தார், அது 76 சென்டிமீட்டரில் நின்றது. 76ஐ 13.6 ஆல் பெருக்குங்கள், அதே 10.3 மீட்டர் வரும்! ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இந்தப் பெருக்கலைப் போடும்போது எனக்கு மனது நிறைந்துவிடும்.

இதை நான் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். எங்கள் கல்லூரிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து, கனமான சுவருள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, மேல் நுனியைக் குழாய்மூடியால் இறுக்கி, கீழ் நுனியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, கயிறு கட்டி மெல்ல மேலே தூக்கினோம். 30 அடி வரை குழாய் முழுக்கத் தண்ணீர். இன்னும் கொஞ்சம் தூக்கியதும் தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது, குழாய் மட்டும் எங்கள் கையோடு மேலே வந்தது. நின்ற இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள். தண்ணீர் பச்சைத் தண்ணீர்தான், ஆனால் அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அதில் கரைந்திருந்த காற்றும் வெளியே வருகிறது, தண்ணீரும் ஆவியாகிறது, கொதிக்கிற உலை மாதிரி இருந்தது.

அந்தக் குமிழிகள் உங்கள் மோட்டாருக்கும் எதிரி. எல்லையை நெருங்கும்போது மோட்டாருக்குள் கூழாங்கல் உருளுவது போல ஒரு சத்தம் கேட்கும், மோட்டாருக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் மேல் ஆவிக் குமிழிகள் உடைகிற சத்தம் அது. நாளடைவில் இம்பெல்லரை அரித்துப் பொத்தலாக்கிவிடும். பைப்பின் உராய்வு, பைப்பின் அடி நுனியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வின் தடை எல்லாம் போக நடைமுறையில் 22 முதல் 25 அடிதான் நம்பலாம். ஊட்டி போல 7,000 அடிக்கு மேல் இருக்கும் ஊரில் காற்றழுத்தமே குறைவு, அங்கே கணக்குப்படியே 26 அடிதான். 5 ஹெச்பி போட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடப் பார்க்கும், உராய்வு கூடும், நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

"பக்கத்துத் தோட்டத்தில் ஜெட் மோட்டார் 80 அடியிலிருந்து எடுக்கிறதே" என்று கேட்பீர்கள். அங்கே இரண்டு பைப் இறங்கும், கவனித்துப் பாருங்கள். ஒன்றின் வழியாகக் கொஞ்சம் தண்ணீரைத் திரும்பக் கீழே அனுப்பி, அதன் வேகத்தால் கிணற்றுத் தண்ணீரை அடியிலிருந்து தள்ளுகிறார்கள். தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரும் அடியிலிருந்து தள்ளுவதுதான், தள்ளுவதற்கு இந்த 34 அடி எல்லை கிடையாது, ஹெச்பி அங்கேதான் பேசும். மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டிய காலத்தில் மாடுகள் 40, 50 அடி ஆழத்திலிருந்து சாலில் மொண்டு தூக்கியதும் காற்றை நம்பி இல்லையே.

அப்புறம், நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் ஃபுட் வால்வைச் சோதித்துவிடுங்கள்: பைப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி பத்து நிமிடம் விடுங்கள், இறங்கினால் வால்விலோ ஜாயிண்டிலோ ஒழுகல் இருக்கிறது. ஆனால் 36 அடியில் அதைச் சரிசெய்தாலும் பயன் இல்லை, மோட்டார் கீழே போயாக வேண்டும். கிணற்றுக்குள் 18 அடியில் திட்டு கட்டி இதே 3 ஹெச்பியை வைத்தால் ஓடும், ஆனால் மழையில் மட்டம் ஏறினால் மோட்டார் மூழ்கும், மின்சாரத்தோடு அந்த விளையாட்டு வேண்டாம். திறந்த கிணற்றில் இறக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள்தான் என் ஆலோசனை. வாங்கும்போது ஹெச்பியை மட்டும் பார்க்காமல் மோட்டாரின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் ஹெட் எண்ணை, அதாவது எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் என்பதைப் பாருங்கள். கோடைக் கடைசியில் மோட்டார் ஓடி முடிந்தபின் நிற்கும் தண்ணீர் மட்டத்திலிருந்து தொட்டியின் வாய் வரை செங்குத்தாக எத்தனை மீட்டர் என்று கயிறு விட்டு அளந்து, பைப் உராய்வுக்காக அதோடு கொஞ்சம் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். வயலில் கிடையாக எவ்வளவு தூரம் பைப் போகிறது என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள், அந்த உராய்வையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.