பண்ணை முதலில் வந்தது, வீடுகள் பிறகு வந்தன: நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2009-இல் மூன்று ஏக்கரில் இரண்டு செட் (கோழிக் கொட்டகை) போட்டு, கம்பெனி ஒப்பந்தத்தில் 12,000 பிராய்லர் கோழி வளர்க்கிறார். அப்போது சுற்றிலும் சோளக்காடும், கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும்தான். இப்போது கிழக்கே 150 மீட்டரில் ஒரு மனைப்பிரிவு, அதில் நாற்பது வீடு. ஈத் தொல்லை, நாற்றம் என்று அவர்கள் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க, கோட்டாட்சியரிடமிருந்து இவருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. "நான்தானே முதலில் வந்தேன், என்னை எப்படி மூடச் சொல்லலாம்? உடனே என்ன செய்ய வேண்டும்? இந்த வருடம் மூன்றாவது செட் போட நினைத்திருந்தேன், போடலாமா?" என்று கேட்கிறார்.

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் "நான்தான் முதலில் வந்தேன்" என்ற வாதத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பொதுத்தொல்லை என்று வந்துவிட்டால், தொல்லைக்குப் பக்கத்தில் தெரிந்தே வந்து குடியேறினார்கள் என்பது நம் சட்டத்தில் முழுத் தற்காப்பு ஆகாது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இதே சண்டை 1972-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஃபீனிக்ஸ் நகருக்கு மேற்கே 20,000-க்கும் மேல் மாடுகளைக் கொழுக்க வைத்த ஒரு பட்டி இருந்தது. அதை நோக்கி சன் சிட்டி என்ற குடியிருப்பு வளர்ந்து வந்தது. பட்டி இடம்பெயர வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனால் தெரிந்தே அங்கே வீடு கட்டி விற்ற நிறுவனம், பட்டி இடம்பெயரும் செலவை ஏற்க வேண்டும் என்றும் சொன்னது. பட்டிக்காரருக்குப் பணம் கிடைத்தது, தொழில் அதே இடத்தில் நிற்கவில்லை. இங்கே மனை விற்றவரிடம் அப்படி ஈடு வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்; அது அந்த நாட்டுத் தீர்ப்பு. பண்ணைக்குப் பின்னால் வந்தவர்கள் வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இருக்கின்றன. நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

சரி, கையில் இருக்கும் நோட்டீஸுக்கு வருவோம். அது பெரும்பாலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் வந்திருக்கும். 2024 ஜூலைக்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்தது இதுதான். முதலில் வருவது நிபந்தனை உத்தரவு. இப்படிச் செய், இல்லையென்றால் இந்தத் தேதியில் வந்து காரணம் சொல் என்று அதில் இருக்கும். அந்தத் தேதியில் போகாமல் விட்டால் உத்தரவு உறுதியாகிவிடும். பயத்தில் போகாமல் இருந்து இப்படிச் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: வக்கீலோடு கட்டாயம் போங்கள். அந்தப் பிரிவில் உங்களுக்கு உதவும் ஒரு சொல்லும் இருக்கிறது. தொழிலை நிறுத்தவோ அகற்றவோ மட்டுமல்ல, "முறைப்படுத்தவும்" அதிகாரி உத்தரவிடலாம். நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான். இன்னின்ன மாற்றங்களை இத்தனை நாளில் செய்கிறேன், வந்து பார்த்து உத்தரவிடுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள்.

அப்படிக் கேட்கும்போது உங்கள் காகிதங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரு லட்சம் கோழிக்குக் கீழே இருந்தால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் பக்கமே போக வேண்டாம் என்ற பழைய பேச்சை இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2020 உத்தரவுக்குப் பிறகு, மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டுதலைத் திருத்தியது. 25,000 கோழிக்கு மேல் வைத்திருப்பவர்கள் 2022 ஜனவரியிலிருந்தும், 5,000-க்கு மேல் வைத்திருப்பவர்கள் 2023 ஜனவரியிலிருந்தும் நீர், காற்றுச் சட்டங்களின் கீழ் இசைவு, அதாவது வாரியத்தின் அனுமதி, வாங்க வேண்டும். உங்கள் 12,000 கோழி அதற்குள் வருகிறது. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையதாக இருக்கலாம். செட் உங்களுடையது, அதனால் இசைவும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். விசாரணைத் தேதிக்கு முன்பே ஆன்லைனில் விண்ணப்பித்து, அந்த ஒப்புகையை எடுத்துக்கொண்டு போங்கள்.

குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதியை எதிர்த்தரப்பு கட்டாயம் எடுக்கும். அது புதிதாக அமைக்கும் பண்ணைக்கு இடம் தேர்ந்தெடுப்பதற்கான விதி. அந்த வேறுபாட்டைச் சொல்ல, உங்கள் பண்ணை 2009-இல் இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். மின் இணைப்பு ஆவணம், வங்கிக் கடன் காகிதம், ஊராட்சி வரி ரசீது எல்லாவற்றையும் தேடி எடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடத்துப் படங்களையும் பார்க்க முடியும். செட் இருந்து வீடு இல்லாத வருடத்துப் படத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் உங்களுக்கு அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அதிகாரி நேரில் வரும் நாளில் அவர் மேல் எத்தனை ஈ உட்காருகிறது என்பதுதான் உத்தரவைத் தீர்மானிக்கும்.

நாற்றமும் ஈயும் ஈரம் என்ற ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தை, ஈரமும் சூடும் சேரும்போது பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றுகிறது. செட்டின் தரையில் பரப்பியிருக்கும் கூளம் 20 முதல் 25 சதவீத ஈரத்தில் இருந்தால் பெரிய வாடை இருக்காது. ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். பெரும்பாலான செட்களில் கூளம் முழுவதும் நனைவதில்லை. கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் வரிசைக்குக் கீழேதான் நனைகிறது. கோழி வளர வளர நிப்பிள் உயரத்தை ஏற்றாமல் விட்டாலே போதும், தண்ணீர் சிந்திக்கொண்டே இருக்கும். தினம் காலையில் அந்த வரிசைகளில் நடந்து ஒழுகும் நிப்பிளை மாற்றுங்கள். கட்டிபிடித்த இடத்தை அள்ளி வெளியே எடுத்துவிட்டு, காய்ந்த நார்த்தூள் போடுங்கள். ஈரமான இடத்தில் சுண்ணாம்பைத் தூவி மூடுவது நம் ஊரில் பழக்கம். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, முதலில் அம்மோனியாவைக் கிளப்பிவிடும். அதற்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் தூவிக் கிளறினால் அம்மோனியா கூளத்திலேயே பிடிபடும், எருவின் சத்தும் கூடும்.

ஈயைப் பொறுத்தவரை ஒரு கணக்கு. நம் வெயிலில் முட்டையிலிருந்து ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும். உங்கள் ஒரு பேட்ச் ஏறக்குறைய நாற்பது நாள். அதற்குள் நான்கு தலைமுறை ஈ வந்துவிடும். மருந்தடித்தால் பறக்கிற ஈதான் சாகும், ஈரக் கூளத்தில் புழு வளர்ந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை ஈரக் கூளத்தை அகற்றினாலே அந்தச் சுழற்சி அறுந்துவிடும். இன்னொரு இடம், இறந்த கோழி. நூற்றுக்கு நான்கு சாவு என்று வைத்தால்கூட உங்கள் பண்ணையில் ஒரு பேட்சுக்கு 480 கோழி, நாளுக்குப் பத்துக்கு மேல். அதை வேலியோரம் போட்டால் நாயும் ஈயும் அந்த வீடுகள் வரை கொண்டுபோகும். கூளத்தோடு அடுக்கடுக்காகப் போட்டு மட்கவைக்கும் தொட்டி கட்டுங்கள், மேலே கூரை இருக்க வேண்டும்.

காற்றையும் கவனியுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து காற்று அடிக்கும். உங்கள் பக்கத்துக் காற்றாலைகளெல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன. வீடுகள் கிழக்கே இருப்பதால், அந்த நான்கு மாதம் உங்கள் செட்டின் வாடை நேரே அவர்கள் ஜன்னலுக்குப் போகும். கூளம் அள்ளுவதை அந்த மாதங்களில் மாலையில் வைக்காதீர்கள். அந்தி சாய்ந்தால் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து வாடையை மேலே விடாது. வெயில் ஏறிய பிறகு அள்ளி, அன்றைக்கே தார்ப்பாய் போட்டு ஏற்றிவிடுங்கள். கிழக்கு எல்லையில் வேம்பும் புங்கனும் நெருக்கமாக இரண்டு மூன்று வரிசை வையுங்கள், செட்டுக்குக் காற்றோட்டம் தடைபடாத தூரத்தில்.

அப்புறம் ஒன்று. கூளம் அள்ளும் தேதியை இரண்டு நாள் முன்பே அந்தக் குடியிருப்புக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அவர்கள் உங்கள் எதிரிகள் அல்ல. கடன் வாங்கி முதல் வீடு கட்டியவர்கள், சாப்பாட்டுத் தட்டில் ஈ மொய்க்கும்போது யாரிடமாவது சொல்லத்தானே செய்வார்கள். ஒரு போன் நம்பர் கொடுத்து, கூப்பிட்டால் போய் நின்றீர்களென்றால் பாதி மனு எழுதப்படாமலே போகும்.

உங்கள் ஊராட்சி நகரத்தோடு சேரும் பேச்சு வந்தால் கணக்கு மாறும். நகர்ப்புறத்தில் விலங்கும் பறவையும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்த தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் உண்டு. அங்கே வளர்ப்பதற்கே உரிமம் வேண்டும். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் சொல்ல அவகாசம் தருவார்கள். உங்கள் புல எண்ணும், பக்கத்துப் புல எண்களும் விவசாயப் பகுதியாக இருக்கின்றனவா, குடியிருப்பாக மாறுகின்றனவா என்று அப்போதே பார்த்து எழுதிக் கொடுங்கள். பலர் அந்த இரண்டு மாதத்தைக் கோட்டைவிட்டுவிட்டு, பிறகு வழக்குக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

மூன்றாவது செட்? வேண்டாம். புதிய கட்டுமானம் என்றதும் அந்த 500 மீட்டர் விதி உங்கள் மேலும் வரும், பழைய பண்ணை என்ற வாதமும் பலவீனமாகும். பத்து வருடத்துக்குள் அந்தப் பக்கம் இன்னும் வீடு வரும் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அடைபடாத கடனை இந்த இடத்தில் வாங்காதீர்கள். விரிவாக்கியே ஆக வேண்டுமென்றால், குடியிருப்பு இல்லாத இடத்தில், இசைவை முதலில் வாங்கிவிட்டு அஸ்திவாரம் போடுங்கள். இப்போது கையில் வைத்திருக்கும் பணத்தில் நிப்பிள் வரிசையை மாற்றுங்கள், மட்குத் தொட்டியைக் கட்டுங்கள், விசாரணைக்குப் போகும்போது அந்த ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.