குடிப்பவரின் சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, லாரி ஓட்டுகிறார். பல வருடங்களாக இரவில் சம்சு (மலிவான சாராயம்) குடித்துவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிடுகிறார். காலையில் கை நடுங்குகிறது, பாதம் எரிகிறது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.1, எம்.சி.வி. 109, பிளேட்லெட் 88,000. மருந்துக் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், அம்மா. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். உங்கள் கணவருக்கோ அவை பெருத்திருக்கின்றன. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. அது 100-ஐத் தாண்டினால், நெடுநாள் குடியையும் ஃபோலேட், பி12 என்ற வைட்டமின்களின் குறைவையும்தான் முதலில் நினைப்போம். மது, இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை நேரடியாகத் தாக்குவதோடு, குடல் ஃபோலேட்டை உறிஞ்சுவதைத் தடுத்து, கல்லீரலில் அதன் சேமிப்பையும் குறைத்து, சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றியும் விடுகிறது. ஒரு கிராம் மதுசாரத்தில் 7 கலோரி இருப்பதால் பசி அடங்கிவிடுகிறது. உடம்புக்கு வேண்டிய புரதமும் வைட்டமினும் அதில் இல்லை. குடிப்பவர்களின் உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரவும் கூடும் என்பதால், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் இரும்பு கொடுப்பது கல்லீரலுக்குக் கேடாகலாம்.

இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 150,000-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மஜ்ஜை தளர்ந்தாலும் அது குறையும், கல்லீரல் இறுகி மண்ணீரல் வீங்கினாலும் குறையும். ஆகவே கல்லீரல் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் அவசியம். காய்ச்சலும் இருந்தால், நம் ஊரில் டிங்கியையும் பார்த்தாக வேண்டும்.

எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது அந்த எரிச்சலும் நடுக்கமும்தான். பாத எரிச்சல் தயமின் (பி1) முதலிய வைட்டமின்கள் குறைந்து நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியவை வந்தால், போதை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தயமின் ஊசி தாமதமானால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். காலை நடுக்கமோ, உடல் மதுவுக்குப் பழகிவிட்டதைக் காட்டுகிறது. அவரை வற்புறுத்தி வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்த வைத்தால் வலிப்பும், அதைத் தொடர்ந்து சித்தம் கலங்கும் நிலையும் வரலாம்; அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும், அதுவரை அவர் லாரி ஓட்டவும் கூடாது.

இந்த அறிக்கையோடு இந்த வாரமே அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட் மாத்திரை) மட்டும் கொடுத்தால், சோகை தெளிந்தாலும் நரம்புப் பாதிப்பு தொடரலாம். ஆகவே பி12 பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பருப்பு, கீரை, முட்டை, புழுங்கலரிசிச் சோறு என்று சிறிது சிறிதாகக் கொடுங்கள். கல்லீரல் இறுகாதிருந்தால், குடியை விட்ட ஓரிரு வாரங்களில் பிளேட்லெட் ஏறிவிடும்; சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் எம்.சி.வி. இறங்கச் சில மாதங்கள் ஆகும். இடையில் மலம் கறுத்துப் போனாலோ இரத்த வாந்தி எடுத்தாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திராமல் 999-ஐ அழையுங்கள்.