அயர்ன் கடை ரிப்போர்ட்

கேள்வி: ஜட்ஜ் ஆகப் போறவங்களைப் பத்தி மத்திய உளவுத்துறையான ஐபி விசாரிச்சுக் கொடுத்த ரகசிய விவரத்தையெல்லாம் 2023ல சுப்ரீம் கோர்ட் கொலீஜியம் (ஜட்ஜுங்களைச் சிபாரிசு பண்ற மூத்த நீதிபதிங்க குழு) வெளியில போட்டுச்சே, அது சரியா? - வாசகர், கும்பகோணம்

பதில்: 'விசாரிச்சு'ங்கற வார்த்தையிலயே நின்னுட்டேன் சார். அந்தக் காலத்துல மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்க வர்ற பொண்ணு வீட்டு மாமா நேரா தெருமுனை அயர்ன் கடைக்குத்தான் போவாரு, சட்டைப் பையில கிடக்குற பீடித்தூள்லேர்ந்து லாட்டரி டிக்கெட் வரைக்கும் அயர்ன் கடைக்காரருக்குத்தானே தெரியும். எனக்கும் வந்தாங்க. "பையன் தங்கம், ஆனா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரூம்ல லைட் எரியுது"ன்னு ரிப்போர்ட். சம்பந்தம் போச்சு. நான் ப்ரூஃப் பார்த்துக்கிட்டு இருந்தேன்யா! அந்த லைட் எதுக்குன்னு ஒருத்தரும் என்கிட்ட கேக்கலை.

நம்ம சென்னை ஹைகோர்ட் வக்கீல் ஜான் சத்யன் கதையும் இதேதான். 2022 பிப்ரவரில ஜட்ஜ் பதவிக்கு கொலீஜியம் சிபாரிசு பண்ண பேரு. 2023 ஜனவரி 17 அன்னிக்கு கொலீஜியம் அதே பேரை மறுபடி அரசாங்கத்துக்கு அனுப்பினப்பதான் ஐபி என்ன சொல்லுச்சுன்னு நமக்கெல்லாம் தெரிஞ்சது. பிரதமரை விமர்சிச்ச ஒரு கட்டுரையை ஷேர் பண்ணாராம், நீட்டால 2017ல உயிரை விட்ட அனிதாவுக்காக ஒரு பதிவு போட்டாராம், அதுல 'ஷேம் ஆஃப் யூ இந்தியா'ன்னு டேக் இருந்துச்சாம். அது 'ஷேம் ஆன் யூ'ல்ல? தப்பு போட்டவரோடதா, எழுதி எடுத்தவரோடதா தெரியலை, ஆனா உளவுத்துறையிலயும் ஒரு ப்ரூஃப் ரீடர் வேணும்னு நான் ரொம்ப நாளா சொல்றேன். அதே ரிப்போர்ட்ல ஆளுக்கு நல்ல பேரு, நேர்மையில ஒரு குறையும் இல்லைன்னும் இருக்கு.

இதே மாதிரி ஜட்ஜ் பதவிக்கு சிபாரிசான டெல்லி வக்கீல் சௌரப் கிர்பால் விஷயத்துல, வெளிநாட்டு விவகாரங்களைப் பாக்குற நம்ம உளவு அமைப்பு 'ரா'வே லெட்டர் எழுதியிருக்கு, அவரோட துணைவர் சுவிஸ்காரர்னு. அவரு எங்க சார் அதை ஒளிச்சாரு?

அப்ப சட்ட அமைச்சரா இருந்த கிரண் ரிஜிஜுவுக்குக் கோவம். இதையெல்லாம் வெளியில விட்டா உளவு அதிகாரிங்க அடுத்த தடவை எழுதவே யோசிப்பாங்கன்னாரு. நல்லா யோசிக்கட்டுமே! 1981லயே எஸ்.பி. குப்தா கேஸ்ல, ஒரு டெல்லி ஜட்ஜுக்குப் பதவி நீட்டிப்பு கொடுக்காத விவகாரத்துல, சட்ட அமைச்சரும் தலைமை நீதிபதிங்களும் எழுதிக்கிட்ட லெட்டரையே காட்டுங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, வானம் ஒண்ணும் இடிஞ்சு விழலை. அயர்ன் கடைக்காரர் பேரை மறைங்க, பாவம், அவரு அங்க பொழைக்கணும். அவரு சொன்னதையாவது மாப்பிள்ளை காதுல போட வேணாமா?

ஆனா ஒண்ணு, வெளியில போட்டதால ஜான் சத்யன் பேரு நகர்ந்துச்சான்னா இல்லை. அவருக்கு அப்புறம் சிபாரிசு ஆனவங்க முதல்ல பதவி ஏத்துக்கிட்டாங்க, 2023 மார்ச்ல கொலீஜியம் இன்னொரு தடவை எழுதிப் பார்த்துச்சு, முன்னாடி அனுப்பின பேரை ஓரங்கட்டினா சீனியாரிட்டி கெடும்னு. எனக்கும் அப்படித்தான் சார், எனக்கு அப்புறம் ஜாதகம் எடுத்தவனுக்கெல்லாம் முதல்ல கல்யாணம் ஆச்சு.