வாசகர் கேள்வி: தமிழ்ப் பாட்டை விடோணுமா?

கேள்வி: என்ட மகள் கோயில் திருவிழாவிலயும் ஸ்கூல் மேடையிலயும் தமிழ்ப் பாட்டு நல்லாப் பாடுவா. இப்ப நாள் முழுக்க செலின் டியோன்ட பாட்டுத்தான். இங்கிலீஷ்ல மட்டும் பாடினாத்தான் பெரிய ஆளா வரலாமாம். சரியா?
- ஒரு அம்மா, உப்புவெளி, திருகோணமலை

பதில்: மகள் நல்ல ஆளைத்தான் பிடிச்சிருக்கிறா அம்மா, ஆனா செலின்ட கதையே மகள் சொல்றதுக்கு நேர் எதிர். கனடாவில கியூபெக் பக்கம், 14 பிள்ளையள்ல கடைசி, வீட்டில பிரெஞ்சுதான். 1981ல வந்த முதல் பாட்டு தாயும் சேர்ந்து எழுதின பிரெஞ்சுப் பாட்டு, முதல் அல்பத்துக்கு மனேஜர் தன்ட வீட்டையே ஈடு வைச்சவர். 1988ல யூரோவிஷன் எண்ட ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில சுவிட்சர்லாந்துக்காகப் பாடி வெண்டதும் பிரெஞ்சிலதான். முதல் இங்கிலீஷ் அல்பம் 1990ல, அதுவும் வகுப்புக்குப் போய் இங்கிலீஷ் படிச்சுப் போட்டு.

எனக்கு ஆகப் பிடிச்சது அதுக்குப் பிறகு நடந்ததுதான். இங்கிலீஷ்ல நல்லாப் பேர் எடுத்த நேரம், 1995ல திரும்பப் பிரெஞ்சுக்குப் போய் ஒரு அல்பம் செய்தவ, அதுக்குப் பாட்டெழுதின ஜோன் ஜாக் கோல்ட்மன் அவட குரலை அடக்கி, கதைக்கிற மாதிரிப் பாட வைச்சவர், பிரெஞ்சு அல்பங்கள்ல ஆகக் கூட வித்ததில அதுவும் ஒண்டு. டைட்டானிக் பாட்டு 1997லதான் வந்தது. அதின்ட தொடக்கத்தை மகளைக் கவனிக்கச் சொல்லுங்கோ, மூச்சுச் சத்தம் கேக்கிற அளவுக்கு மெல்லப் பாடிப் பாடிப் போய்க் கடைசியிலதான் குரலைத் திறக்கிறா, மகள் முதல் வரியிலயே முழுச் சத்தத்தையும் போட்டா தொண்டைதான் போகும்.

தமிழ்ப் பாட்டை விடவேண்டாம். இங்கிலீஷையும் சேர்த்துப் படிக்கட்டும்.

கேள்வி: செலின் டியோனுக்கு வருத்தம் எண்டாங்களே, இனிப் பாடமாட்டாவா?
- வாசகர், நிலாவெளி

பதில்: தசை எல்லாம் இறுகிற ஒரு அரிய வருத்தம், 2022 டிசம்பர்ல அவவே வெளியில சொன்னவ, நடக்கவும் கஷ்டம், குரலையும் பாதிக்கும். ஆனா 2024 ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க நாள், கொட்டுற மழைக்குள்ள ஈஃபில் கோபுரத்தில நிண்டு பழைய பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப்ட பாட்டைப் பாடினவ, பக்கத்தில பியானோ முழுக்க மழைத்தண்ணி. வீடியோ இருக்கு, கட்டாயம் பாருங்கோ.